வார்டில் நர்சிங் மாணவிக்கு யார் சொல்லித்தருவது? நைட்டிங்கேல் வாழ்க்கை காட்டும் வழி

காலையில் செங்கோட்டையிலிருந்து தென்காசி போகும் பஸ்ஸில் ஏறினால், யூனிஃபார்ம் போட்ட நர்சிங் மாணவிகளைப் பார்க்கலாம். மடியில் ரெக்கார்டு நோட்டு. வகுப்பில் படித்ததை வார்டில் செய்து பழகப் போகிறார்கள். இதற்குப் பெயர் கிளினிக்கல் போஸ்டிங்.

அங்கே பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டியவர் டியூட்டியில் இருக்கும் ஸ்டாஃப் நர்ஸ். அவருக்கோ தலைக்கு மேல் வேலை. சிலர் கூப்பிட்டு வைத்துச் சொல்லித்தருவார்கள். சிலர் பெட்ஷீட் மாற்றச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஏன் இந்த வித்தியாசம்? நல்ல மனசு மட்டும்தான் காரணமா?

இந்தக் கேள்வியோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவர் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல். கைவிளக்கு ஏந்திய காரிகை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அவரேதான்.

மூன்று மாதப் பயிற்சி

1820 மே 12-ம் தேதி இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில், வசதியான ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தார். நர்ஸ் வேலைக்குப் போவதை வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் அது மரியாதையான வேலையாகவே கருதப்படவில்லை. பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு, 1851-ல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் நிறுவனத்தில் மூன்று மாதம் பயிற்சி எடுத்தார். அங்கே சேவை மனப்பான்மைக்குக் குறைவில்லை. ஆனால் நர்சிங் என்று முறையாகக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை என்பதே பிற்காலத்தில் அவர் கருத்து.

போரும் நிதியும்

1854-ல் கிரிமியப் போர். 38 பெண்களுடன் துருக்கியின் ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனார். காயத்தைவிட காலராவும் டைஃபஸும் அதிகம் பேரைக் கொன்ற இடம் அது. அவர் பெயர் பிரிட்டன் முழுக்கப் பரவியது. நன்றிக்கடனாக மக்கள் திரட்டிக் கொடுத்த நிதி சுமார் 45 ஆயிரம் பவுண்டு. அந்தப் பணத்தில்தான் 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நர்சிங் பள்ளி தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்கள் 15 பேர். படிப்பு ஒரு வருடம். சாப்பாடு, தங்குமிடம், யூனிஃபார்ம் எல்லாம் இலவசம். கைச்செலவுக்குப் பணமும் உண்டு.

சிஸ்டருக்கும் தனித் தொகை

நம் கேள்விக்கான முதல் விடை இங்கேதான் இருக்கிறது. கட்டுப்போடுவது, புண் சுத்தம் செய்வது, நோயாளியைக் கவனித்துக் குறிப்பெழுதுவது என எல்லாமே வார்டில் கற்க வேண்டியவை. சொல்லித்தர வேண்டியவர்கள் வார்டு சிஸ்டர்கள். அதை அவர்கள் சும்மா செய்யட்டும் என்று விட்டுவிடவில்லை. மேட்ரன் சாரா வார்ட்ரோப்பருக்கும் சிஸ்டர்களுக்கும் நிதியிலிருந்து தனியாக ஒரு தொகை கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு மாணவி பற்றியும் மாதாமாதம் மதிப்பீடு எழுதும் முறையும் வந்தது. கற்றுத்தருவதும் வேலையின் ஒரு பகுதி என்று காகிதத்திலேயே பதிவானது.

எங்கே சறுக்கியது?

ஆனால் பணம் மட்டும் போதவில்லை. 1871-ல் செயின்ட் தாமஸ் மருத்துவமனை தேம்ஸ் கரையில் பெரிய புதுக் கட்டடத்துக்கு மாறியது. வேலை கூடியது. உடல்நலம் கெட்டு வீட்டிலேயே முடங்கியிருந்த நைட்டிங்கேல், 1872 வாக்கில் பள்ளியைக் கூர்ந்து விசாரித்தபோது அதிர்ந்துபோனார். மாணவிகள் ஆள் பற்றாக்குறையை நிரப்பும் கூடுதல் கைகளாகிவிட்டிருந்தார்கள். மருத்துவ வகுப்புகள் ஒழுங்காக நடக்கவில்லை. எப்படிக் கற்றுத்தருவது என்று சிஸ்டர்களுக்கும் யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை. தன் பெயரில் நடக்கும் பள்ளியின் குறைகளை அவர் மூடி மறைக்கவில்லை; சரிசெய்ய இறங்கினார்.

பாடம் நடத்தப் புதிய மருத்துவர் வந்தார். மாணவிகளின் படிப்பை மட்டும் கவனிக்க ஹோம் சிஸ்டர் என்ற பொறுப்பு உருவானது. 1875-லிருந்து அதில் இருந்த மேரி கிராஸ்லாந்து இருபது வருடங்களுக்கு மேல் நீடித்தார். நைட்டிங்கேலும் மாணவிகளையும் சிஸ்டர்களையும் ஒவ்வொருவராக வீட்டுக்கு அழைத்துப் பேசினார். வெளியூரில் மேட்ரனாகப் போனவர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். அவர்கள் போன இடங்களிலும் பயிற்சி தொடங்கியது. 1868-லேயே லூசி ஆஸ்பர்ன் ஐந்து நர்சுகளுடன் சிட்னிக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்.

1907-ல் பிரிட்டனின் ஆர்டர் ஆஃப் மெரிட் விருதைப் பெற்ற முதல் பெண் ஆனார். 1910 ஆகஸ்ட் 13-ல், 90 வயதில் காலமானார்.

இன்றைக்கு என்ன செய்யலாம்?

அவர் சந்தித்த பிரச்சினை இன்னும் தீரவில்லை. ஒரு நர்ஸ் மனம் வைத்துச் சொல்லித்தர என்னென்ன வேண்டும் என்பதை அவர் அனுபவத்திலிருந்தே பட்டியல் போடலாம்.

* நேரம்: மாணவிகள் இருக்கும் ஷிஃப்டில் நோயாளிகளின் சுமையைக் கொஞ்சம் குறைப்பது.
* அங்கீகாரம்: கற்றுத்தந்ததை பணிப் பதிவேட்டில் சேர்ப்பது, முடிந்தால் ஊக்கத்தொகை.
* பயிற்சி: வேலை தெரிந்தவருக்கெல்லாம் சொல்லித்தர வந்துவிடாது. அதற்கும் பயிற்சி வேண்டும். பிரிட்டனில் 2018-ல் வந்த விதிமுறை, பழக்குபவர் ஒருவர், மதிப்பிடுபவர் இன்னொருவர் என்று பொறுப்பைப் பிரித்திருக்கிறது.
* துணை: கல்லூரி ஆசிரியர் வார்டுக்கு வந்து நர்சோடு சேர்ந்து நிற்பது.

நோயாளியாகவோ உடன் வந்தவராகவோ நாமும் இதில் ஒரு பங்கு எடுக்கலாம். அடுத்த முறை ஒரு சிஸ்டர் நிதானமாக மாணவிக்கு ட்ரிப் போடச் சொல்லித்தருவதைப் பார்த்தால், லேட் ஆகுதே என்று சத்தம் போடாமல் இரண்டு நிமிடம் பொறுத்திருங்கள். சில வருடம் கழித்து நைட் டியூட்டியில் தனியாக நின்று நம் வீட்டுப் பெரியவரைப் பார்த்துக்கொள்ளப் போவது அந்த மாணவியாகவும் இருக்கலாம்.