மூடிய கதவைத் தட்டிய மாணவி
டாக்டர் மேரியா மான்டிசோரி அம்மையார் வைத்தியம் படித்த கதை

மான்டிசோரி பள்ளிக்கூடம் என்ற பெயரைக் கேள்விப்படாதவர் நம் ஊர்களில் சொற்பமே. பிஞ்சுக் குழந்தைகள் மரக்கட்டைகளை அடுக்கியும் மணிகளைக் கோத்தும் விளையாட்டாகவே கல்வி கற்கும் இடம் அது. ஆனால் அந்தப் பெயருக்கு உரிய அம்மையார், ஒரு காலத்தில் வைத்தியக் கல்லூரியில் இடம் கிடைக்காமல் தவித்த மாணவி என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

மேரியா மான்டிசோரி 1870-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி இத்தாலியில் கியாரவாலே என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் அலெசாந்திரோ ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர். பழைய ஆசாரங்களில் பற்றுள்ளவர். தாயார் ரெனில்டேயோ நிறையப் படித்தவர். தம் மகளும் படிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டவர். மேரியா சிறுமியாக இருந்தபோதே குடும்பம் ரோமாபுரியில் குடியேறியது.

அந்நாளில் படித்த பெண்ணுக்கு ஒரே கதிமோட்சம் உபாத்தியாயினி வேலைதான். தகப்பனாரும் அதையே விரும்பினார். மகளோ கணக்கில் புலி. பையன்கள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் 13 வயதில் சேர்ந்தார். என்ஜினீயர் ஆவதே அவருடைய லட்சியமாக இருந்தது. படிப்பு முடியும் தறுவாயில் மனம் மாறியது. டாக்டர் ஆகவேண்டும் என்றார். வீடு திடுக்கிட்டது.

குறுக்கே நின்ற லத்தீன்

ரோமாபுரி சர்வகலாசாலையின் வைத்தியப் பேராசிரியர் குயிடோ பாச்செல்லியை நேரில் சென்று பார்த்தார். அவர் இடம் கொடுக்க மறுத்துவிட்டார். பெண் என்பது ஒரு தடை. படிப்பு மற்றொரு தடை. வைத்தியம் பயில விரும்புவோர் லத்தீன் முதலிய பழைய மொழிகளைக் கற்றுத் தேறியிருக்கவேண்டும். மேரியா படித்ததோ கணிதமும் விஞ்ஞானமும். பெண்ணாகப் பிறந்ததை மாற்ற முடியாது. படிப்பில் உள்ள குறையைத் தீர்க்கலாம் அல்லவா? அந்த வழியில் இறங்கினார்.

1890-ல் அதே சர்வகலாசாலையில் விஞ்ஞானப் பிரிவில் சேர்ந்தார். தாவர சாஸ்திரம், பிராணி சாஸ்திரம், பௌதிகம், ரசாயனம், உடற்கூறு, உடலின் நுண்ணிய திசுக்களைப் பற்றிய பாடம் என ஒவ்வொன்றாகப் பரீட்சை எழுதித் தேறினார். கூடவே லத்தீனையும் இத்தாலிய இலக்கியத்தையும் படித்தார். 1892-ல் விஞ்ஞானச் சான்றிதழ் கைக்கு வந்தது. 1893-ல் வைத்தியக் கல்லூரியின் கதவு திறந்தது.

இத்தாலியில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண் இவரே என்று சொல்வது உண்டு. அது சரியல்ல, அவருக்கு முன்னரே சில பெண்கள் பட்டம் பெற்றிருந்தார்கள். ஆனால் ஒரு சிலர் நடந்து சென்ற பாதை ராஜபாட்டை ஆகிவிடுமா? மேரியாவுக்கும் அது கல்லும் முள்ளுமாகவே இருந்தது.

பிணங்களோடு தனிமையில்

ஆண் மாணவர்கள் கேலி செய்தார்கள். அதைவிடப் பெரிய சோதனை பிண அறுவைக் கூடத்தில் காத்திருந்தது. ஆடையில்லாத உடலுக்கு முன்னால் ஆண்களோடு சேர்ந்து ஒரு பெண் நிற்பது தகாது என்று கருதினார்கள். மற்றவர்கள் வேலையை முடித்துச் சென்ற பிறகு, மாலை வேளையில், தன்னந்தனியே அவர் அறுவைப் பாடத்தைப் பயிலவேண்டியிருந்தது. நாற்றம் தாங்கமுடியாமல் புகை பிடித்துச் சமாளித்தாராம்.

ஒருநாள் மனம் உடைந்து, இந்தப் படிப்பே வேண்டாம் என்று வெளியேறினார் என்றும், வழியில் ஒரு பிச்சைக்காரியின் குழந்தை ஒரு துண்டுச் சிவப்புக் காகிதத்தை வைத்துக்கொண்டு தன்னை மறந்து விளையாடுவதைக் கண்டு, அப்படியே திரும்பிக் கல்லூரிக்குப் போய்விட்டார் என்றும் ஒரு கதை உண்டு. அந்தக் குழந்தையின் முகத்தில் கண்ட ஒருமுகப்பட்ட மனம்தான் பிற்காலத்தில் அவர் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த விஷயம் என்பதை நினைக்கும்போது, கதையை ஒதுக்கவும் மனம் வரவில்லை.

பரிசுகளும் உபகாரச் சம்பளமும் பெற்றார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தும் சம்பாதித்தார். 1896 ஜூலையில் டாக்டர் பட்டம் வந்தது. பட்டத்துக்காக அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை, மனம் பேதலித்தவர்களுக்குத் தோன்றும் பிரமைகளைப் பற்றியது. உடலைப் படிக்க வந்தவரை மனம் இழுத்துக்கொண்டது.

மறுபடியும் மாணவி

சர்வகலாசாலையின் மனநோய்ப் பகுதியில் வேலை செய்கையில், பைத்தியக்கார விடுதிகளில் அடைபட்டிருந்த அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளைக் கண்டார். கையால் தொட்டு விளையாட ஒரு பொருள்கூட அவர்களுக்கு இல்லை. இவர்களுக்கு வேண்டியது மருந்தா, கல்வியா என்ற கேள்வி பிறந்தது. பிரான்சு தேசத்து டாக்டர்களான இட்டார், செகன் இருவரின் நூல்களைத் தேடிப் படித்தார். நிதானமாக மனத்தில் பதியவேண்டும் என்று தம் கையாலேயே அவற்றை இத்தாலிய மொழியில் எழுதினார்.

அவரிடம் பயின்ற அந்தக் குழந்தைகளில் சிலர், சாதாரணப் பிள்ளைகள் எழுதும் பொதுப் பரீட்சையிலே தேறினார்கள். ஊரெல்லாம் புகழ்ந்தது. அம்மையார் மட்டும் மகிழ்ந்து நின்றுவிடவில்லை. குறையுள்ள குழந்தைகள் இவ்வளவு முன்னேறும்போது, குறையில்லாத குழந்தைகள் ஏன் அதே மட்டத்தில் நிற்கிறார்கள் என்று யோசித்தார். கோளாறு பிள்ளைகளிடம் இல்லை, பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்று கண்டார். விடை தேடி, டாக்டரான பின்பும் சர்வகலாசாலைக்குத் திரும்பி, மனோதத்துவமும் தத்துவமும் படித்தார்.

1907 ஜனவரி 6-ந் தேதி, ரோமாபுரியின் ஏழைகள் வசித்த சான் லொரென்சோ பேட்டையில் முதல் குழந்தைகள் இல்லம் திறந்தது. சுமார் 50 குழந்தைகள். அங்கே பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை. எத்தனையோ பரீட்சைகளைத் தாண்டி வந்தவர் அமைத்த பள்ளியில் குழந்தைக்குப் பரீட்சையே கிடையாது. சில ஆண்டுகளில் உலகமே அந்த இல்லத்தைத் திரும்பிப் பார்த்தது.

சென்னையில் ஒரு பிறந்தநாள்

இந்தப் புகழுக்கு அடியில் ஒரு வேதனை புதைந்திருந்தது. 1898-ல் அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. உடன் வேலை செய்த டாக்டர் மான்டசானோ தகப்பனார். திருமணம் நடக்கவில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் அரும்பாடுபட்டுப் பெற்ற உத்தியோகமும் பெயரும் போய்விடும். குழந்தை மாரியோ நாட்டுப்புறத்தில் வேறு ஒரு குடும்பத்தில் வளர்ந்தான். ஊரார் குழந்தைகளுக்கெல்லாம் தாயானவர், தம் குழந்தையைத் தூரத்திலிருந்தே பார்த்து வந்தார். தம் தாயார் 1912-ல் காலமான பிறகே மகன் அவருடன் வந்து சேர்ந்தான். அப்போதும் உலகத்துக்கு அவன் உறவுப் பிள்ளை, வளர்ப்புப் பிள்ளை!

1939-ல், 69-வது வயதில், அம்மையார் மகனுடன் சென்னைக்கு வந்து அடையாறு பிரம்மஞான சபையில் தங்கினார். அவருடைய முதல் பயிற்சி வகுப்பில் ஏறக்குறைய 300 பேர் சேர்ந்தார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் சொல்வார். 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் குதித்தது. எதிரி நாட்டார் என்று மாரியோவை ஆமதுநகர் முகாமில் அடைத்தார்கள்; அம்மையார் அடையாறு எல்லையைத் தாண்டக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது.

ஆகஸ்டு 31 வந்தது. அவருக்கு 70 வயது நிறைந்த நாள். வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனை விடுதலை செய்வதாக அதில் கண்டிருந்தது. மகன் என்ற அந்த ஒரு வார்த்தை! அவர் 42 ஆண்டுகள் மறைத்த உறவை சர்க்கார் தந்தி ஒன்று ஒப்புக்கொண்டுவிட்டது.

யுத்த காலத்தில் இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில் வாழ்ந்து, மலைச்சாரலின் செடி கொடிகளையும் பூச்சிகளையும் காட்டிக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தினார். வைத்தியக் கல்லூரிக்குள் நுழைவதற்காக 20 வயதில் பரீட்சைக்குப் படித்த தாவர சாஸ்திரமும் பிராணி சாஸ்திரமும் வீண் போகவில்லை!

1952 மே 6-ந் தேதி ஹாலந்து நாட்டில் அம்மையார் கண் மூடினார். பிற்காலத்தில் இத்தாலி அரசு 1000 லிரா நோட்டில் அவருடைய உருவத்தைப் பொறித்தது. அந்த நாணயம் 2002-ல் மறைந்துவிட்டது. ஆனால் காலை வேளையில் ஒரு குழந்தை அழாமல் பள்ளிக்குள் ஓடுகிறதே, அங்கெல்லாம் அந்த அம்மையார் வாழ்ந்துகொண்டிருக்கிறார்.