அறுகோணக் குழலும் அரை அங்குலக் குழாயும்: ஜோசப் விட்வொர்த்தின் கதை

வீட்டுத் தண்ணீர்க் குழாய் ஒழுகினால் ஹார்ட்வேர் கடைக்குப் போய் அரை அங்குல பைப் என்று கேட்கிறோம். கடைக்காரர் எடுத்துத் தரும் குழாய், எந்தக் கம்பெனி செய்ததாக இருந்தாலும், பழைய குழாய் இருந்த இடத்தில் சரியாகப் பொருந்திவிடுகிறது. அதன் மரையில் ஓர் அங்குலத்துக்கு 14 சுற்று. மரையின் கோணம் 55 பாகை. அந்த 55 பாகையை முடிவு செய்தவர் இங்கிலாந்துக்காரரான ஜோசப் விட்வொர்த். தோட்டத்து ரப்பர் ஆலைகளில் பிரிட்டிஷ் இயந்திரங்களோடு மல்லுக்கட்டிய பழைய மெக்கானிக்குகளுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. விட்வொர்த் போல்ட்டுக்கு விட்வொர்த் ஸ்பேனர்தான் வேண்டும், வேறு எதைப் போட்டாலும் நட்டின் முனை மழுங்கிப்போகும் என்பது அவர்கள் அனுபவத்தில் கற்ற பாடம்.

அதே விட்வொர்த்தான், தூரத்து இலக்கை அடிக்க எப்படிப்பட்ட துப்பாக்கி வேண்டும் என்ற கேள்விக்கு முதன்முதலாக முறையாகச் சோதனை செய்து விடை தேடியவர்களில் முக்கியமானவர் என்பது பலருக்குத் தெரியாது.

அவர் பிறந்தது 1803 டிசம்பர் 21ஆம் தேதி, ஸ்டாக்போர்ட் நகரில். தந்தை பள்ளி ஆசிரியர், பின்னர் சமய போதகர். தாய் சீக்கிரமே இறந்துவிட, பிள்ளைகள் சிதறினர். பதினான்கு வயதில் ஜோசப்பை மாமா ஒருவரின் பஞ்சாலையில் வேலை பழக விட்டார்கள். முதலாளியாக வேண்டியவன் என்று வீட்டார் கணக்குப் போட்டிருக்க, பையனுக்கோ நூலைவிட நூற்கும் இயந்திரத்தின் மேல்தான் கண். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் மான்செஸ்டருக்கு ஓடிப்போய்ச் சாதாரண மெக்கானிக்காக வேலைக்குச் சேர்ந்தார். 1825இல் படகோட்டி ஒருவரின் மகள் ஃபேனியை மணந்தார். பிறகு லண்டன் சென்று, ஹென்றி மாட்ஸ்லே என்ற பெரிய வேலைக்காரரின் பட்டறையில் இடம் பிடித்தார்.

அங்கேதான் அவர் ஒரு சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். இரும்புத் தகட்டை உண்மையிலேயே சமதளமாக்குவது எப்படி? இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று தேய்த்தால் அவை பொருந்தும். ஆனால் ஒன்று குழிந்தும் மற்றது மேடாகவும் இருந்தாலும்கூடப் பொருந்தத்தான் செய்யும். மூன்று தகடுகளை எடுத்து, மாற்றி மாற்றி ஒன்றோடொன்று ஒப்பிட்டு, மேடு தெரியும் இடத்தை மட்டும் சுரண்டி எடுத்தால் பொய் சொல்ல வழியில்லை. மூன்றும் மூன்றோடும் பொருந்துகிறது என்றால் அது சமதளமேதான். இதை 1840இல் கிளாஸ்கோ நகரில் அறிஞர்கள் முன்னிலையில் விளக்கினார். மறு ஆண்டே மரை விவகாரத்தைக் கையில் எடுத்தார். அதுவரை பட்டறைக்கு ஒரு மரை. ஓரிடத்து போல்ட் இன்னோர் இடத்து நட்டில் ஏறாது. நாடெங்கும் இருந்து போல்ட்டுகளைச் சேகரித்து, அளந்து, சராசரி பார்த்து, எல்லாருக்கும் ஒரே அளவை முன்வைத்தார். ரயில்வே கம்பெனிகள் ஏற்றுக்கொண்ட பிறகு மற்றவர்களும் வழிக்கு வந்தார்கள். அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் காட்டும் அளவு இயந்திரம் ஒன்றையும் செய்தார்.

பேச்சுத் திறமையோ முகக் கவர்ச்சியோ இல்லாத மனிதர். எழுத்தாளர் தாமஸ் கார்லைலின் மனைவி ஜேன், அவர் முகத்தைக் குரங்கோடு ஒப்பிட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆனால் அதே கடிதத்தில், அவரோடு பேசினால் உயிருள்ள ஓர் அசல் மனிதரோடு பேசுவதாகத் தோன்றும் என்றும் பாராட்டியிருக்கிறார்.

1854இல் பிரிட்டன் கிரிமியப் போரில் இறங்கியது. பிரிட்டிஷ் ராணுவத்துக்கு என்ஃபீல்ட் ரைபிள் லட்சக்கணக்கில் தேவைப்பட்டது. பெரும்பாலும் கைவேலையாகச் செய்ததால் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. மொத்தமாக உற்பத்தி செய்யும் இயந்திரங்களை வடிவமைத்துத் தரும்படி அரசாங்கம் விட்வொர்த்தைக் கேட்டது. வேறு யாராக இருந்தாலும் ஆர்டரை வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கியிருப்பார்கள். அவர் மறுத்தார். எந்தக் குழல் நல்ல குழல் என்றே யாருக்கும் தெரியாதபோது எதை மொத்தமாகச் செய்வது என்பது அவர் வாதம். முதலில் சோதனை, பிறகுதான் இயந்திரம். காற்றும் மழையும் குறுக்கிடாமல் சுட்டுப் பார்க்க மூடிய கூடம் ஒன்று வேண்டும் என்றார். செலவை அரசாங்கம் ஏற்றது.

மான்செஸ்டரின் ஃபாலோஃபீல்டில் அவருடைய வீட்டுத் தோட்டத்திலேயே 500 கஜ நீளத்துக்குக் கூடம் எழும்பியது. முதல் கட்டடத்தைப் புயல் சாய்த்துவிட்டது. மீண்டும் கட்டி, 1855இல் சோதனை ஆரம்பமானது. குண்டு போகும் வழி நெடுகிலும் மெல்லிய காகிதத் திரைகளைத் தொங்கவிட்டார்கள். ஒவ்வொரு திரையிலும் விழும் துளையைப் பார்த்தால் குண்டு எவ்வளவு தாழ்ந்தது, எந்தப் பக்கம் விலகியது என்பது தெரியும். துளை வட்டமாக இருந்தால் குண்டு மூக்கை முன்னால் வைத்துப் போகிறது. நீளவாக்கில் கிழிந்திருந்தால் நடுவழியில் குட்டிக்கரணம் போடுகிறது. கண்ணுக்குத் தெரியாத பயணத்தைக் காகிதத்தில் எழுதவைத்த வித்தை அது.

ரைபிள் குழலின் உட்புறத்தில் திருகு போன்ற வரிகள் இருக்கும். குண்டைப் பம்பரம்போலச் சுழல வைப்பது அவைதான். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல், சுழலும் குண்டு தலைகுப்புற விழாமல் நேரே போகும். என்ஃபீல்டின் குழல் 39 அங்குல நீளம். வரி 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதாவது குண்டு குழலை விட்டு வெளியே வரும்போது அரைச் சுற்றுத்தான் சுற்றியிருக்கும். குட்டையான, தடித்த குண்டுக்கு அது போதும். ஆனால் தடித்த குண்டு காற்றைத் தள்ளித் தள்ளியே வேகத்தை இழந்துவிடும். எடையைக் குறைக்காமல் ஒல்லியாக்கினால் குண்டு நீளும். நீண்ட குண்டுக்கு அதிகச் சுழற்சி வேண்டும். இந்தச் சங்கிலியை அவர் ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்துப் பார்த்தார். 60 அங்குலத்துக்கு ஒரு சுற்று முதல், யாரும் நினைத்துப் பார்க்காத 1 அங்குலத்துக்கு ஒரு சுற்று வரை குழல்கள் செய்து சுட்டார். முடிவில் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற இடத்தில் நின்றார்.

குழலின் விட்டம் என்ஃபீல்டில் 0.577 அங்குலம், அவருடையதில் 0.451. குண்டின் எடை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், 530 கிரெய்ன். உட்புறத்தை வட்டமாக விடாமல் அறுகோணமாகக் கடைந்தார். குண்டையும் அதே அறுகோணத்தில் முறுக்கி வார்த்தார். போல்ட்டில் நட் ஏறுவதுபோல் குண்டு குழலில் ஏறும். மரை மனிதர் துப்பாக்கியிலும் மரையைத்தான் கண்டார் என்று சொன்னால் தப்பில்லை. இன்றைக்கும் தூரச் சுடும் போட்டிக்காரர்கள் ரைபிள் வாங்கும்போது முதலில் விசாரிப்பது, குழலின் சுற்றும் குண்டின் நீளமும் ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான்.

1857 ஏப்ரலில் ஹைத் ராணுவச் சுடுகளத்தில் போர் அமைச்சர் லார்ட் பான்மூரின் முன்னிலையில் இரு துப்பாக்கிகளும் மோதின. 500 கஜத்தில், குண்டுகள் விழுந்த இடங்கள் அவற்றின் மையப்புள்ளியிலிருந்து சராசரியாக எவ்வளவு தள்ளியிருந்தன என்று அளந்தார்கள். என்ஃபீல்டுக்கு 2.24 அடி. விட்வொர்த்துக்கு 0.37 அடி, அதாவது நாலரை அங்குலத்துக்கும் குறைவு. 1100 கஜத்தில் என்ஃபீல்ட் 8.04 அடி, விட்வொர்த் 2.62 அடி. 1400 கஜத்தில் என்ஃபீல்டுக்குக் கணக்கே எழுத முடியவில்லை. அரை அங்குல எல்ம் மரப் பலகைகளை அடுக்கிச் சுட்டபோது, கடினமான உலோகத்தால் ஆன விட்வொர்த் குண்டு 33 பலகைகளைத் துளைத்துச் சென்றது. என்ஃபீல்டின் குண்டு பதின்மூன்றாவது பலகையைத் தாண்டவில்லை.

இத்தனைக்குப் பிறகும் ராணுவம் அதை எடுத்துக்கொள்ளவில்லை. ராணுவத்துக்கு இந்தத் துளை மிகச் சிறியது என்று அதிகாரிகள் குழு சொல்லிவிட்டது. விலையும் என்ஃபீல்டைவிடப் பல மடங்கு. இதைப் பழைமைவாதிகளின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. அன்று மருந்தையும் குண்டையும் குழலின் வாய் வழியாகத்தான் திணிக்க வேண்டும். கருமருந்து எரிந்த கரி உள்ளே படியப் படிய, இறுக்கமான அந்தக் குழலில் அடுத்த குண்டு இறங்க மறுக்கும். சுடுகளத்தில் துடைத்துவிட்டுச் சுடலாம். எதிரி ஓடி வரும்போது சிப்பாய்க்கு அந்த அவகாசம் ஏது? மிகத் துல்லியமான கருவியும், பத்தாயிரம் பேர் கையில் கொடுக்கத் தகுந்த கருவியும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. இந்த இடத்தில் விட்வொர்த் சற்றுப் பிடிவாதக்காரராகவே நடந்துகொண்டார் என்றுதான் தோன்றுகிறது.

புகழ் வேறு வாசல் வழியாக வந்தது. 1860 ஜூலை 2ஆம் தேதி விம்பிள்டனில் தேசிய ரைபிள் சங்கத்தின் முதல் போட்டியை விக்டோரியா மகாராணி தொடங்கிவைத்தார். இரும்புத் தாங்கியில் பூட்டி, 400 கஜத்துக்குக் குறிவைத்திருந்த விட்வொர்த் ரைபிளின் பட்டுக் கயிற்றை அவர் இழுக்க, குண்டு நடுப்புள்ளிக்கு இரண்டு அங்குலத்துக்குள் போய்த் தைத்தது. குறிபார்க்கத் தெரியாதவர் கையிலும் இலக்கு தப்பவில்லை என்பதைவிடச் சிறந்த விளம்பரம் எந்த வியாபாரிக்குக் கிடைக்கும்?

குழல் நன்றாக அமைந்ததும், கண் பின்தங்கியது. ஆயிரம் கஜத்துக்கு அப்பால் ஓர் ஆள், குழல் முனையில் இருக்கும் குறிமுள்ளின் பின்னாலேயே மறைந்துவிடுவான். இதற்கு வழி சொன்னவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையில் பணியாற்றிய டேவிட் டேவிட்சன் என்ற ஸ்காட்லாந்து அதிகாரி. அவர் வடிவமைத்த தொலைநோக்கி, குழலுக்கு மேலே அல்லாமல் துப்பாக்கியின் இடப்பக்கத்தில் பொருந்தும். சில விட்வொர்த் ரைபிள்களில் அதைப் பூட்டினார்கள். பெரும்பாலானவற்றில் சாதாரணக் குறிமுள்தான். தொலைநோக்கி தூரத்தைக் கிட்டே காட்டும், ஆனால் துப்பாக்கியைத் திருத்தாது. குழல் கோணலாகச் சுட்டால் அந்தக் கோணலைப் பெரிதாகப் பார்க்கலாம், அவ்வளவே. பூட்டிய இடம் மயிரிழை அசைந்தாலும் ஆயிரம் கஜத்தில் அது பல அடியாகிவிடும். சுட்டவுடன் துப்பாக்கி பின்னால் உதைக்க, கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போன வீரர்களும் இருந்தார்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போர்தான் இந்தத் துப்பாக்கியின் பெயரை ரத்தத்தில் எழுதியது. வடக்கின் கடல் முற்றுகையைத் தாண்டித் தென்மாநிலப் படைக்குக் கடத்தப்பட்ட விட்வொர்த்துகள் மிகச் சொற்பம். அதனால் போட்டி வைத்து, மிகச் சிறந்த குறிகாரர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். தூரத்தைக் கண்ணாலேயே மதிப்பிடும் பயிற்சியும் அவர்களுக்கு உண்டு. குண்டு வளைந்துதான் போகும் என்பதால், தூரக்கணக்கு தப்பினால் எந்தத் துப்பாக்கியும் உதவாது. அறுகோணக் குண்டு காற்றில் கீச்சிட்டுக்கொண்டு வரும் என்று எதிர்ப்பக்க வீரர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். 1864 மே 9ஆம் தேதி ஸ்பாட்சில்வேனியாவில் வடபடைத் தளபதி ஜான் செட்ஜ்விக், குண்டுச் சத்தத்துக்குக் குனிந்த தம் வீரர்களை, அவ்வளவு தூரத்திலிருந்து எதையும் அடிக்க முடியாது என்று கேலி செய்துகொண்டிருந்தார். சற்று நேரத்தில் இடது கண்ணுக்குக் கீழே குண்டு பாய்ந்து இறந்தார். அது விட்வொர்த் துப்பாக்கி என்றே பரவலாக நம்பப்படுகிறது.

சொந்த நாட்டு ராணுவம் மனம் மாறப் பல ஆண்டுகள் ஆயின. 1871இல் ஏற்கப்பட்ட மார்ட்டினி-ஹென்றி ரைபிளின் விட்டம் 0.45 அங்குலம், சுற்று 22 அங்குலத்துக்கு ஒன்று. வரிகள் அலெக்சாண்டர் ஹென்றியின் முறைப்படி அமைந்தவை. ஆனால் அந்த இரண்டு எண்களும் எந்தக் கூடத்தின் காகிதத் திரைகளை நினைவூட்டுகின்றன என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். தோட்டாவைப் பின்பக்கமாகப் போடும் வசதி அதற்குள் வந்துவிட்டதால், வாய்வழித் திணிக்கும் தொல்லையும் தீர்ந்திருந்தது.

விட்வொர்த் அதற்குள் எஃகுக்கும் பீரங்கிக்கும் தாவியிருந்தார். 1868இல், பட்டறையில் கையை அழுக்காக்கிக்கொண்ட இளைஞர்கள் மேல்படிப்புப் படிக்க ஆண்டுக்கு 100 பவுண்ட் வீதம் 30 உபகாரச் சம்பளங்களை ஏற்படுத்தினார். மறு ஆண்டு சர் பட்டம் வந்தது. ஃபேனியோடு வாழ்ந்த வாழ்க்கை பிரிவில் முடிந்திருந்தது. அவர் 1870இல் இறந்த பிறகு, மேரி லூயிசா என்ற விதவையை மறுமணம் செய்து டெர்பிஷயரின் டார்லி டேலுக்குக் குடிபோனார். பிள்ளைகள் இல்லை. 1887 ஜனவரி 22ஆம் தேதி, குளிருக்கு ஒதுங்கியிருந்த மாண்டே கார்லோவில் தமது 83ஆவது வயதில் காலமானார். விட்டுச்சென்ற சொத்து மான்செஸ்டரில் ஓவியக்கூடமாகவும் கல்வி நிலையங்களாகவும் மருத்துவமனையாகவும் ஆனது.

அவர் காகிதத் திரைகளைத் தொங்கவிட்டுச் சுட்டுப் பார்த்த ஃபாலோஃபீல்ட் வீட்டில் பிற்காலத்தில் குடியிருந்தவர் சி.பி. ஸ்காட். மான்செஸ்டர் கார்டியன் நாளிதழின் ஆசிரியராக ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த அவர், அந்த வீட்டிலிருந்துதான் சைக்கிள் மிதித்து அலுவலகம் போவார்.