நுங்கம்பாக்கத்தில் வெள்ளியைக் கணித்தவர்

உங்கள் வீட்டில் எந்தப் பஞ்சாங்கம், வாக்கியமா, திருக்கணிதமா? மயிலாப்பூரிலும் தி.நகரிலும் இதற்கு வீட்டுக்கு வீடு பதில் மாறும். சில சமயம் இரண்டிலும் திதி நேரம் ஒத்துப்போகாமல் வீட்டில் விவாதமே நடக்கும். தொலைநோக்கியில் தெரிவதும் பஞ்சாங்கத்தில் அச்சாவதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பாடுபட்டவர் ஒருவர் நம் சென்னையில் வாழ்ந்தார். அவர் பெயர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி.

நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், இன்று வானிலை மையம் இருக்கும் இடத்தில், 1792-ல் சென்னை வானாய்வகம் அமைந்தது. இளம் வயதில் அங்கு வேலைக்குச் சேர்ந்த ஆச்சாரி, தலைமை உதவியாளர் வரை உயர்ந்தார். அங்கே உருவான 5,303 நட்சத்திரங்களின் பட்டியலுக்காக அவர் கண்விழித்த இரவுகள் ஏராளம். 1867-ல், ஒளி கூடியும் குறைந்தும் தெரியும் ஆர் ரெட்டிகுலி என்ற நட்சத்திரத்தைக் கண்டறிந்தார். 1868 முழுச் சூரிய கிரகணத்தைக் காண வனபர்த்திக்குச் சென்ற குழுவை நடத்தினார். 1872-ல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார்.

நீங்கள் மொட்டை மாடியில் சிறிய தொலைநோக்கி வைத்து வெள்ளியைப் பார்த்தால் மலையோ பள்ளமோ தெரியாது. அடர்ந்த மேகம் அதன் தரையை மூடியிருக்கிறது. பிறை போலத் தேய்வதும் வளர்வதும்தான் தெரியும். ஆனால் அபூர்வமாக அது சூரியனுக்கு நேர் முன்னே கரும்புள்ளியாகக் கடந்து போகும். வெவ்வேறு ஊர்களிலிருந்து அந்த நேரத்தைக் குறித்தால் சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடலாம். 1874 டிசம்பர் 9 அன்று அப்படி ஒரு கடப்பு நிகழ்ந்தது. அதைப் பற்றி ஆச்சாரி முன்கூட்டியே ஒரு சிறு நூல் எழுதினார். அது தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் வந்தது. சாதாரண மக்களும் பஞ்சாங்கக் கணிதர்களும் புரிந்துகொள்ள வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

நவீன கணக்கின்படி திருக்கணித பஞ்சாங்கமும் வெளியிட்டார். பழைய முறையில் ஊறியவர்கள் அதை எளிதில் ஏற்கவில்லை. நம் கணிதர்கள் பயில ஒரு வானாய்வகம் வேண்டும் என்றும் வலியுறுத்தினார். அது கைகூடுமுன் 1880 பிப்ரவரியில் காலமானார்.

அடுத்த வெள்ளிக் கடப்பு 2117 டிசம்பரில்தான். 2004-லும் 2012-லும் பார்த்தவர்கள் நம் குடியிருப்பிலும் இருக்கலாம். உங்கள் பேரப் பிள்ளைகளுக்கு மாடியில் வெள்ளியைக் காட்டும்போது இவர் பெயரையும் சொல்லுங்கள். சூரியன் பக்கம் மட்டும் தொலைநோக்கியைத் திருப்ப விடாதீர்கள்!