மூன்று பங்குக் களம் தந்த செண்டா பெரென்சன்

பதுளையில் வலைப்பந்தாடிய நாம் மிதித்த மூன்று பங்குக் களத்துக்குப் பின்னால் நோயாளிப் பெண்ணொருத்தி இருக்கிறார். 1868இல் லித்துவேனியாவில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா சென்ற செண்டா பெரென்சன், உடல் நலிவால் பியானோ படிப்பைக் கைவிட்டவர். மனமில்லாமலே 1890இல் உடற்பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார்; அங்கேதான் உடல் தேறியது.

1892இல் ஸ்மித் மகளிர் கல்லூரியில் பயிற்றுநரானார். முந்திய டிசம்பரில் நெய்ஸ்மித் உருவாக்கிய கூடைப்பந்தாட்டத்தை மாணவியருக்குப் பழக்கினார். 1893 மார்ச் 22இல் முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவியர் மோதினர், ஆண்களுக்கு அனுமதியில்லை! பந்தைப் பறிப்பதைத் தடுத்தார். பெண்கள் களைத்துவிடக்கூடாதென்று களத்தை மூன்றாகப் பிரித்தார். வைத்தியத் தொழிலிலுள்ள எங்களுக்கு அந்தப் பயம் சற்று அதிகமாகவே படுகிறது. கொழுந்துக்கூடையோடு நாளெல்லாம் மலையேறும் நம் தாய்மாரை அவர் கண்டதில்லையே.

1954இல் காலமானார். 1985இல் அமெரிக்கக் கூடைப்பந்தாட்டப் புகழ் மண்டபத்தில் முதன்முதலாக இடம்பெற்ற பெண்களில் அவரும் ஒருவர்.