ஆர்தர் சி. கிளார்க்: போலியோ விட்டுச்சென்ற கடன்

திருகோணமலையில் கோணேசர் மலையடிக் கடலில் 1956இல் இருவர் சுழியோடினார்கள். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் அங்கே கண்டார்கள். ஒருவர் மைக் வில்சன். மற்றவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்.

1917இல் இங்கிலாந்தில் பிறந்த கிளார்க்கை இலங்கையில் குடியேற வைத்தது கடல்தான். 1962இல் போலியோ அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. மெல்ல மெல்லத் தேறினார், மீண்டும் சுழியோடினார். நோய் முடிந்துவிட்டதாகவே தோன்றியது.

கால் நூற்றாண்டு கழித்துத் தசைகள் தளர்ந்தன. போலியோவின் பின்விளைவாக வரும் நரம்புத் தளர்ச்சி என 1988இல் கண்டறியப்பட்டது.

போலியோ வைரஸ், முள்ளந்தண்டு வடத்தில் தசைகளை இயக்கும் நரம்புக்கலங்களைக் கொல்கிறது. தப்பிய கலங்கள் புதுக் கிளைகள் விட்டு, அநாதையான தசைநார்களையும் சேர்த்து இயக்குகின்றன. பல்லாண்டு கூடுதல் சுமை இழுத்த கலங்கள் களைத்து, அக்கிளைகளை இழக்கின்றன என்பதே நரம்பியலாளர்கள் பரவலாக ஏற்கும் விளக்கம். குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. உடலை வருத்தாமல் அளந்து உழைப்பதே வழி.

கிளார்க் சக்கர நாற்காலியில் இருந்தபடி எழுதிக்கொண்டே இருந்தார். 2008 மார்ச் 19இல் கொழும்பில் காலமானார்.

இலங்கையில் 1993க்குப் பின் போலியோ நோயாளர் பதிவாகவில்லை. சிறுவயதில் போலியோ வந்து தேறியவர்களோ நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இப்போது வரும் தளர்ச்சியை முதுமை, சோம்பல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தப் பழைய போலியோவையும் மறக்காமல் சொல்லட்டும்.