தேடிச் சென்ற மேய்ப்பர்

உறுதிப்பூசுதலோடு பிள்ளையின் விசுவாச வளர்ப்பு நிறைவுறுவதில்லை. புனித யோசேப்பு வாஸ் அடிகளாரை நினைவுகூருங்கள். 1651இல் கோவாவில் பிறந்த அவர், ஒல்லாந்தர் ஆட்சியில் குருக்களின்றித் தவித்த கத்தோலிக்கரைத் தேடி 1687இல் இலங்கை வந்தார். யாழ்ப்பாணத்தில் கழுத்தில் செபமாலை அணிந்து, இரவலராய் வீடு வீடாகச் சென்று, மறைந்து வாழ்ந்த விசுவாசிகளை இனங்கண்டார். ஊவாவும் அடங்கியிருந்த கண்டி இராச்சியத்தில் 1692இல் சிறைப்பட்டார். 1697இல் பெரியம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளரைப் பேணினார். தாயகம் திரும்பாமலே 1711இல் கண்டியில் இறைவனடி சேர்ந்தார்.

திருமுழுக்குப் பெற்றும் துணையற்றிருந்தோரையே அவர் முதலில் நாடினார். பதுளைத் தோட்ட லயங்களை விட்டுக் கொழும்புக்கு வேலைக்குச் செல்லும் நம் இளையோர் பலரும் அந்நிலையிலேயே உள்ளனர். ஞாயிறு திருப்பலியைத் தவறவிட்டதற்காகக் கடிந்துகொள்ளுமுன், அவர்களுடைய சுமையைக் கேளுங்கள். அவர்கள் வரும்வரை காத்திராமல், நீங்களே தேடிச் செல்லுங்கள்.