நடுச்சுவரில் துளை இல்லை என்று எழுதிய இப்னு நபீஸ்

சாதாரண தர விஞ்ஞானப் பாடத்தில் இதயத்தைக் கற்பிக்கும்போது ஒவ்வொரு வருடமும் மாணவர்கள் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். நாடிகளில் ஒட்சிசன் செறிந்த குருதி ஓடும், நாளங்களில் ஒட்சிசன் குறைந்த குருதி ஓடும் என்று மனனம் செய்து வைத்திருப்பார்கள். சுவாசப்பை நாடி வந்ததும் எல்லாம் தலைகீழாகிவிடும். இதயத்திலிருந்து வெளியே செல்வது நாடி, இதயத்துக்குத் திரும்பி வருவது நாளம், உள்ளே ஓடும் குருதி எப்படிப்பட்டது என்பது வேறு விடயம் என்று எத்தனை முறை சொன்னாலும் பரீட்சைத் தாளில் சிலர் மாற்றித்தான் எழுதுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இதே இரண்டு குழாய்களும் ஆயிரம் வருடங்களுக்கு மேலாகப் பெரிய பெரிய வைத்தியர்களையே குழப்பி வைத்திருந்தன. அந்தக் குழப்பத்தின் முடிச்சை எழுத்தில் முதன்முதலாக அவிழ்த்தவர் என இன்று நாம் அறிந்திருப்பவர் அலாவுத்தீன் அலீ இப்னு அபில் ஹஸ்ம் அல் குரஷீ. உலகம் அவரை இப்னு நபீஸ் என்று அழைக்கிறது.

நமது விழா மேடைகளிலும் வட்ஸ்அப் குழுமங்களிலும் குருதிச் சுற்றோட்டத்தைக் கண்டுபிடித்த முஸ்லிம் விஞ்ஞானி என்ற ஒரே வரியோடு அவருடைய கதை முடிந்துவிடுகிறது. அந்த வரி முழுமையாகச் சரியானதும் அல்ல. அவர் உண்மையில் என்ன செய்தார் என்று தெரிந்துகொண்டால், மேடையில் சொல்லப்படுவதை விட அது பெரிய காரியம் என்பது விளங்கும்.

அவர் 13 ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், 1210 க்கும் 1213 க்கும் இடைப்பட்ட காலத்தில், டமஸ்கஸ் பகுதியில் பிறந்தார். அந்நகரில் சுல்தான் நூருத்தீன் ஸன்கீ கட்டிய நூரி வைத்தியசாலை அப்போது புகழ்பெற்றிருந்தது. நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த அதே இடத்தில் மாணவர்களுக்குப் பாடமும் நடந்தது. அங்கே அத்தக்வார் என்ற பேராசானிடம் இப்னு நபீஸ் வைத்தியம் கற்றார். அதே ஆசிரியரிடம் கற்ற இன்னொருவர் இப்னு அபீ உஸைபிஆ. வைத்தியர்களின் வரலாற்றைப் பெரிய நூலாகத் தொகுத்தவர் அவர். ஆனால் தன் சமகாலத்தவரான இப்னு நபீஸுக்கு அந்த நூலில் அவர் ஓர் அத்தியாயம் ஒதுக்கவில்லை. காரணம் என்னவாயினும், இருட்டடிப்பு என்பது அவருக்கு அப்போதே ஆரம்பித்துவிட்டது போலும்.

பின்னர் அவர் கெய்ரோவுக்குச் சென்று வாழ்நாளின் மிகுதியை அங்கேயே கழித்தார். வைத்தியசாலையில் பணியாற்றினார், எகிப்தின் தலைமை வைத்தியராக உயர்ந்தார், சுல்தான் பைபர்ஸுக்கும் வைத்தியம் பார்த்தார். இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்று இருக்கிறது. நாம் பின்பற்றும் அதே ஷாபிஈ மத்ஹபின் பிக்ஹை அவர் கெய்ரோவின் மஸ்ரூரிய்யா மத்ரசாவில் கற்பித்தார். அரபு இலக்கணம், தர்க்கம், ஹதீஸ் கலை என்பவற்றிலும் எழுதினார். ஆளில்லாத் தீவொன்றில் தன்னந்தனியே தோன்றிய காமில் என்பவன் தன் சிந்தனையாலேயே உண்மைகளை அறிந்துகொள்வதாக ஒரு கதை நூலும் அவருடையது. மௌலவி ஆவதா, வைத்தியர் ஆவதா என்று பிள்ளையை ஒரு பக்கம் நிறுத்தத் துடிக்கும் பெற்றோரைச் சந்திக்கும்போதெல்லாம் எனக்கு மஸ்ரூரிய்யாவின் நினைவு வரும்.

இனி அந்த இதயத்துக்கு வருவோம்.

கி.பி. 2 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வைத்தியர் கேலனின் கொள்கைப்படி குருதி ஈரலில் உற்பத்தியாகி இதயத்தின் வலது பக்கத்துக்கு வருகிறது. அதில் ஒரு பகுதி இடது பக்கத்துக்குப் போயாக வேண்டும், ஏனென்றால் அங்கேதான் காற்றுடன் கலந்து உயிர்ச்சக்தி உருவாகிறது. எப்படிப் போகும்? இரண்டு இதயவறைகளையும் பிரிக்கும் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ளன, அவற்றின் ஊடாகக் கசிகிறது என்றார் கேலன். இப்னு ஸீனாவும் தனது அல் கானூன் பித் திப் நூலில் பெரும்பாலும் இவ்வழியிலேயே சென்றார். கிழக்கிலும் மேற்கிலும் வைத்தியம் கற்றவர்கள் அதையே கற்றார்கள்.

1242 ஆம் ஆண்டளவில், ஏறத்தாழ முப்பது வயதில், இப்னு நபீஸ் அல் கானூனின் உடலமைப்புப் பகுதிக்கு ஒரு ஷரஹ் எழுதினார். ஷரஹ் என்றால் என்னவென்று மத்ரசாவில் ஓதியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மூலநூலை மதித்து, வரி வரியாக எடுத்து விளக்குவது. அந்த மரபுக்குள் நின்றுகொண்டே, இப்னு ஸீனாவின் இதயத்தைப் பற்றிய வரி வந்ததும், இது சரியல்ல என்று எழுதினார். நடுச்சுவர் தடித்தது, அதில் கண்ணுக்குத் தெரியும் துளையும் இல்லை, கேலன் சொல்வது போன்ற தெரியாத துளையும் இல்லை. அப்படியானால் வலது அறையின் குருதி இடது அறையை அடைய ஒரே வழிதான் உண்டு. அது சுவாசப்பைக்குச் சென்று, அங்கே பரவி, காற்றுடன் கலந்து, பின்னர் இடது அறைக்கு வர வேண்டும்.

மாணவர்களைத் தடுமாற வைக்கும் குழாய்கள் இவைதாம். பழைய வைத்தியர்கள் இதயத்தின் வலப்பக்கக் குழாய்களை நாளம் என்றும் இடப்பக்கத்தனவற்றை நாடி என்றும் வகுத்திருந்தனர். ஆனால் வலப்பக்கத்திலிருந்து சுவாசப்பைக்குப் போகும் குழாயின் சுவர் நாடியைப் போல் தடித்திருந்தது. ஆகவே அதற்கு நாடித்தன்மையுள்ள நாளம் என்று பெயர். சுவாசப்பையிலிருந்து இடப்பக்கத்துக்கு வரும் மெல்லிய குழாய்க்கு நாளத்தன்மையுள்ள நாடி என்று பெயர். பெயரிலேயே குழப்பம் தெரிகிறது. இப்னு நபீஸ் இந்தச் சுவர்களின் தடிப்புக்கும் ஒரு காரணம் காட்டினார். முதலாவது தடித்திருப்பதால் குருதியின் மிக நுண்ணிய பகுதி மட்டுமே அதிலிருந்து வெளியேறும், இரண்டாவது மெல்லியதாக இருப்பதால் அதை இலகுவாக ஏற்றுக்கொள்ளும், இவ்விரண்டுக்கும் இடையே வழிகள் இருந்தாக வேண்டும் என்றார். நுணுக்குக்காட்டி இல்லாத காலம் அது. 1661 இல் மல்பீகி என்ற இத்தாலியர் தவளையின் சுவாசப்பையில் அந்த மயிர்த்துளைக் குழாய்களைக் கண்ணால் கண்டார்.

நான் இப்பாடத்துக்கு இறைச்சிக் கடையில் சொல்லிவைத்து ஒரு மாட்டிதயம் எடுத்துக்கொண்டு போவதுண்டு. வலது இதயவறைக்குள் விரலை விட்டு இடது பக்கத்துக்கு வழி தேடச் சொல்வேன். எவ்வளவு அழுத்தினாலும் விரல் சுவரில் முட்டி நிற்கும். பிறகு சுவாசப்பை நாடியின் வாயைக் காட்டுவேன். அந்த வழியாக விரல் இலேசாகப் போய்விடும். உண்மையில் நடுச்சுவரில் துளை இருந்தால் அது நோய். இதயத்தில் ஓட்டையுள்ள குழந்தையின் சத்திரசிகிச்சைக்கு உதவி கேட்டு ஜும்ஆவுக்குப் பின் அறிவித்தல் செய்யப்படுவதை நாம் கேட்டிருக்கிறோம். கேலன் எல்லா மனிதருக்கும் பொதுவானதென்று எண்ணியது, இன்று தைத்து அடைக்கப்படும் ஒரு குறைபாடு.

அவர் உடலை அறுத்துப் பார்த்தாரா என்பது அறிஞர்கள் இன்றும் வாதிடும் கேள்வி. ஷரீஆவின் தடையும் தன் மனதில் உள்ள இரக்கமும் அறுத்துப் பார்ப்பதிலிருந்து தன்னைத் தடுத்ததாக நூலின் முன்னுரையில் அவரே சொல்கிறார். ஆனால் உள்ளே, இதயத்துக்கு மூன்று அறைகள் உண்டென்ற கருத்தை மறுக்கும் இடத்தில், அறுத்துப் பார்த்தல் அதைப் பொய்யாக்குகிறது என்ற கருத்தில் எழுதுகிறார். இதயத்தின் தசைக்கு உணவளிப்பது வலது அறையில் தேங்கும் குருதி அல்ல, அத்தசைக்குள்ளேயே பரவியிருக்கும் குழாய்களே என்றும் சொல்கிறார். மாரடைப்பு வந்தவரின் வீட்டில் இன்று எல்லோரும் பேசும் முடியுருநாடிகள் அவைதாம்.

இனி அவர் சொல்லாததையும் சொல்லியாக வேண்டும். உடல் முழுவதும் சுற்றிய குருதி மீண்டும் இதயத்துக்கே திரும்புகிறது என்று அவர் எழுதவில்லை. இதயம் ஒரு பம்பி என்றும் சொல்லவில்லை. ஈரலில் குருதி உண்டாகிறது, இடது அறையில் உயிர்ச்சக்தி உருவாகிறது என்ற பழைய கருத்துகள் அவரிடமும் இருந்தன. முழுச் சுற்றோட்டத்தையும் அளவுகளோடும் பரிசோதனைகளோடும் நிறுவியவர் 1628 இல் நூல் வெளியிட்ட ஆங்கிலேயரான வில்லியம் ஹார்வி. ஹார்வியின் பங்கை எடுத்து இப்னு நபீஸுக்குக் கொடுப்பதை நான் வகுப்பில் அனுமதிப்பதில்லை. சுவாசப்பைச் சுற்றோட்டம் என்ற பாதி அவருடையதே, அதற்கு யாரிடமும் கடன் வாங்கத் தேவையில்லை. ஐரோப்பாவில் அந்தப் பாதியை செர்வீட்டஸ் 1553 இலும் கொலம்போ 1559 இலும் எழுதினார்கள். இப்னு நபீஸின் நூல்களில் ஒரு பகுதி 1547 இல் வெனிஸில் லத்தீனில் வெளிவந்திருந்தது. ஆனால் அந்த அச்சுப் பதிப்பில் சுவாசப்பை பற்றிய பகுதி இல்லை. அவர்களுக்கு இச்செய்தி வேறு வழியில் எட்டியதா என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை.

நமது பக்கத்திலேயே அது ஏன் பரவவில்லை என்பதுதான் எனக்கு அதிகம் உறுத்தும் கேள்வி. இப்னு நபீஸ் அல் கானூனைச் சுருக்கி அல் மூஜஸ் என்றொரு நூலும் எழுதினார். அது பெரும் வெற்றி பெற்றது. நூற்றாண்டுகளாகப் பாடநூலாக இருந்தது, அதற்கும் பலர் ஷரஹ் எழுதினார்கள். ஆனால் அந்தச் சுருக்கத்தில் உடலமைப்புப் பகுதி இல்லை. மாணவர்கள் சுருக்கத்தைப் படித்தார்கள், நடுச்சுவரைப் பற்றிய விவாதம் தடித்த நூலுக்குள் இருந்துவிட்டது. ரியூஷன் வகுப்புக் குறிப்புகளைத் தவிர வேறெதையும் திறக்காத பிள்ளைகளோடு காலம் கழிக்கும் எனக்கு இது அந்நியமான கதையாகத் தெரியவில்லை.

அவர் திருமணம் செய்யவில்லை. எழுத உட்காரும்போது பேனாக்களைச் சீவி வைத்துவிடுவார்களாம், ஒன்று மழுங்கினால் அடுத்ததை எடுத்து, நூல்களைப் புரட்டாமல் நினைவிலிருந்தே வெள்ளம் போல் எழுதுவாராம். அஷ்ஷாமில் என்ற வைத்தியக் களஞ்சியத்தை 300 பாகங்களில் எழுதத் திட்டமிட்டு 80 பாகங்களைச் செம்மைப்படுத்தி முடித்தார். இறுதி நோயில் மருந்தாக மதுவைக் கொடுக்க வந்த வைத்திய நண்பர்களிடம், உடலில் மதுவோடு அல்லாஹ்வைச் சந்திக்க மாட்டேன் என்ற பொருளில் மறுத்துவிட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஹிஜ்ரி 687 துல்கஃதா 21 இல், அதாவது 1288 டிசம்பர் 17 இல், கெய்ரோவில் வபாத்தானார். தன் வீட்டையும் நூலகத்தையும் சுல்தான் கலாவூன் அப்போது புதிதாகக் கட்டியிருந்த மன்சூரி வைத்தியசாலைக்கு வக்ஃப் செய்திருந்தார்.

1924 இல் முஹ்யித்தீன் அத்ததாவி என்ற எகிப்திய இளம் வைத்தியர் ஜேர்மனியின் ஃபிரைபேர்க் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்காகப் படித்துக்கொண்டிருந்தார். பேர்லின் நூலகத்தில் இருந்த அந்த ஷரஹின் கையெழுத்துப் பிரதியை எடுத்து வாசித்தவர் அவர்தான். எழுதப்பட்டு 680 வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. அவருடைய ஆய்வேடு அச்சில் வரவில்லை. கெய்ரோவில் வாழ்ந்த ஜேர்மனியக் கண் வைத்தியரும் அரபு அறிஞருமான மக்ஸ் மேயர்ஹோஃப் அதன் பெறுமதியை உணர்ந்து, தானும் பிரதிகளைத் தேடி ஆராய்ந்து, 1930களில் கட்டுரைகள் எழுதிய பிறகே உலகம் கவனித்தது. அஷ்ஷாமில் பாகங்களில் மிஞ்சியவை இன்று கேம்பிரிட்ஜ், ஒக்ஸ்போர்ட், ஸ்டான்ஃபோர்ட் நூலகங்களிலும் வேறு இடங்களிலும் சிதறிக் கிடக்கின்றன.